பசித்த வாசலைத் தேடிப் போன கேரியர்

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துவிட்டுக் கதைக்குள் வாருங்கள். கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும், திறந்து வைத்துக் கூப்பிட்டாலும் உட்காராது. பசித்தவனுக்கு ஒரு சேதி சொல்லும், சாப்பிட்டவனுக்கு வேறொரு சேதி சொல்லும். காலில்லை, ஆனால் தெருமுனை வரை போகாமல் ஓயாது. அது என்ன? காற்று என்று சொன்னவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். வாசம் என்று சொன்னவர்கள் இன்னும் பக்கத்தில். தாளிக்கிற வாசம் என்று சொன்னவர்கள் வன்னிக்குளத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில்தான் அது கனமான சாமானையும் தூக்கிக்கொண்டு போனது.

வன்னிக்குளத்தில் விசைத்தறிகள் காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கிற வரை ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் தெருத்தெருவாகச் சத்தம் அடங்கும், அடங்கியதும் ஊருக்கே காது திறந்ததுபோல இருக்கும், திறந்த காதில் முதலில் விழுவது நடுத்தெரு செண்பகா மெஸ்ஸில் கடுகு வெடிக்கிற சத்தம். மெஸ் சின்னது. சமைப்பது செண்பகவடிவு, பரிமாறுவது அவள் புருஷன் கோமதிநாயகம், மத்தியான மணி அடித்ததும் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, தானும் சாப்பிட்டு, இலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடுகிறவள் அவர்களுடைய ஒரே மகள் ஆவுடை. ஐந்தாம் வகுப்பு.

உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் போக, வீட்டுக்கே சோறு கேட்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு கோமதிநாயகம்தான் கேரியர்களை மொபெட்டில் மாட்டிக்கொண்டு போவார். அவருக்கு ஒரு பழக்கம், எதிரே வருகிறவர்களை விசாரிக்காமல் தாண்ட மாட்டார். கல்யாணம் எப்போது, காய்ச்சல் விட்டதா, தறிக்கு மோட்டார் மாற்றியாச்சா என்று கேட்டுக்கேட்டு அவர் வீடு வீடாய்ப் போய்ச் சேர்வதற்குள் ரசம் ஆறி, அப்பளம் நமத்து, ஆர்டர் கொடுத்தவர் பழையதைத் தின்றுவிட்டுத் தூங்கப் போயிருப்பார். ஆடி மாதம் பிறந்து காற்று புழுதியை வாரித் தூற்றிய ஒரு நாளில் மொபெட்டும் நின்றுபோனது. மெக்கானிக் அதன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி மூடினார்.

அன்றைக்கு நூல்கடை அருணாசலம் வீட்டுக்கான கேரியர் கட்டித் தயாராகப் பலகையில் இருந்தது. செண்பகவடிவு புளிக்குழம்புக்கு நல்லெண்ணெய் காயவைத்து, கடுகும் வெந்தயமும் போட்டு, வற்றலைக் கிள்ளி, கறிவேப்பிலையை உருவிப் போட்டாள். சட்டியிலிருந்து எழும்பிய வாசம் வழக்கம்போல ஜன்னலுக்குப் போகாமல் பலகைக்குப் போய், கேரியரின் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்து, இடுப்புயரத்துக்குத் தூக்கி, வாசல் பக்கம் திரும்பியது.

"யம்மா, கேரியர் போகுது" என்றாள் ஆவுடை.

"எந்தப் பக்கம் போகுது?" என்றாள் செண்பகவடிவு, கரண்டியைத் தட்டியபடி.

"கிழக்க."

"அப்ப நூல்கடைக்கு இல்ல. யாரு வீட்டுக்குன்னு அப்பாவைப் பாத்துட்டு வரச் சொல்லு."

கோமதிநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். கேரியர் ஒரு ஆள் கையில் பிடித்துப் போவதுபோல லேசாக ஆடிக்கொண்டு, மாட்டுவண்டிக்கு ஒதுங்கி, பள்ளத்தைச் சுற்றி, ஊரிலேயே பெரிய வீடான ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வீட்டுப் படியில் போய் இறங்கியது. அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் பதினெட்டு ஜன்னல், மருமகள் ஒருத்தி. கதவைத் திறந்த ஹெட்மாஸ்டர், "நான் சொல்லலையே நாயகம்" என்றார். சொல்லிவிட்டு, கதவைச் சாத்தக்கூட மறந்து, நடையிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அந்த வீட்டில் அவருக்குக் காலையில் ஒரு காப்பியோடு சரி என்பது ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மறுநாளும் கேரியர்கள் போயின, அதற்கு மறுநாளும் போயின, தாளிக்கிற நேரம் வந்தால் போயின. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முக்கில் நிற்கிற போலீஸ்காரர் லாரியை நிறுத்திக் கேரியருக்கு வழிவிட்டார். மெஸ்ஸுக்கு எதிர்க்கடையில் தையல் மிஷின் போட்டிருக்கும் மீராசா, கல்லா ஓரத்தில் உரசிப் போன கேரியரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிப் போப்பா, வெள்ளைத் துணி கெடக்கு" என்றார். அது தள்ளிப் போனது. நாய்கள் கொஞ்ச தூரம் கூடவே நடந்து, தங்களுக்கில்லை என்று தெரிந்து திரும்பின. ஊருக்குச் சங்கடம் கேரியர் நடந்ததில் இல்லை. அது ஆர்டர் கொடுத்தவர் வீட்டுக்குப் போகாமல் பசித்தவர் வீட்டுக்குப் போனதில்தான் இருந்தது.

நூல்கடை அருணாசலம் மெஸ் வாசலில் வந்து நின்று கத்தினார். "ஏவே நாயகம், நான் சொன்ன சோறு எவன் வீட்டுக்குவே போகுது?"

"நீங்க காலையில பூரி சாப்பிட்டீயளா அண்ணாச்சி?"

"சாப்பிட்டேன். அதுக்கென்ன?"

"அதான் வரல."

அருணாசலம் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல், வாசலில் நாற்காலி போட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். கேரியர் வந்தது, அவர் முன்னால் ஒரு கணம் தயங்கி நின்றது, தாண்டிப் போய்விட்டது. "ஒரு வேளைப் பட்டினியெல்லாம் அதுக்குக் கணக்கில்ல போல" என்று மீராசா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். அருணாசலம் வீட்டுக்குள் போய்ப் பூரி சுடச் சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது. வாசம் கேரியரைக் கொண்டுபோய் விடுமே தவிர, திரும்பக் கொண்டுவராது. அதை மனிதர்தான் கழுவிக் கொண்டுவர வேண்டும். வன்னிக்குளத்தில் யாரும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் கொடுத்த வீடும் வாங்கிய வீடும் விளங்காது என்று நினைப்பவர்கள். ஆகவே கேரியர்கள் எதையாவது வயிற்றில் வைத்துக்கொண்டுதான் மெஸ்ஸுக்குத் திரும்பின: ஒரு பிடி முருங்கைக்கீரை, ஒரு எலுமிச்சம்பழம், கல் உப்பு, வேப்பம்பூ, ஹெட்மாஸ்டர் வீட்டிலிருந்து மருமகளுக்குத் தெரியாமல் எடுத்த ஏலக்காய். சமையற்கட்டில் அலமாரி நிறைந்தது. ஆனால் முருங்கைக்கீரையைக் கொடுத்து கேஸ் சிலிண்டர் வாங்க முடியாது. ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக ஆர்டரை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் கம்பெனிக்காரன் வந்தான். பச்சைச் சட்டை, முதுகில் பெரிய பச்சைப் பை, பெயர் சதானந்தன், பக்கத்து ஊர்க்காரன். 'நொடிச்சோறு' என்பது கம்பெனியின் பெயர்.

"போன்ல ஆர்டர் வரும் அண்ணாச்சி. நீங்க கட்டி வச்சாப் போதும், நாங்க எடுத்துட்டுப் போயிருவோம். யாரு கேட்டாங்களோ அவங்க வீட்டுக்குத்தான் போகும். ஒரே ஒரு கண்டிஷன். மூடி ஒட்டுன டப்பா, ஜன்னலைச் சாத்திட்டுத் தாளிக்கணும். வாசம் வெளிய வந்துச்சுன்னா டப்பா எங்க போய் நிக்கும்னு எங்களால சொல்ல முடியாது."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே செண்பகவடிவு உள்ளே தாளித்தாள். பலகையிலிருந்து ஒரு கேரியர் எழும்பியது, வாசலைத் தாண்டவில்லை, நேராக வந்து சதானந்தன் மடியில் உட்கார்ந்தது. முந்தின நாளிலிருந்து தான் சாப்பிடாமல் ஊர்ச் சோற்றையெல்லாம் முதுகில் சுமந்தவன் கேரியரைப் பார்த்தான், கோமதிநாயகத்தைப் பார்த்தான், காதெல்லாம் சிவந்துபோனான்.

"சாப்பிடுங்க தம்பி. ஏளா ஆவுடை, தண்ணி வை" என்றார் கோமதிநாயகம்.

அவன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "இருந்தாலும் கம்பெனி ரூலு அதான் அண்ணாச்சி" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னான்.

இத்தனைக்கும் நடுவில் ஆவுடைக்கு ஒரே ஒரு கவலை இருந்தது, அந்தக் கவலையின் பெயர் தமயந்தி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே பென்சிலை ஒடித்து ஆளுக்குப் பாதி எழுதுகிற சிநேகம். தமயந்தியின் அப்பா வேலைக்கென்று வெளியூர் போய்ச் சேதியில்லை. அம்மா கஸ்தூரி வேலை பார்த்த தறிக்கூடத்தை முதலாளி விற்றுவிட்டார். கஸ்தூரி தெருவில், கால்வலி, நானேதான் வேலையை விட்டு நின்றுகொண்டேன் என்று சொல்லி வைத்திருந்தாள். தெருவும் நம்பியிருந்தது. கேரியர் நம்பவில்லை. அது தினமும் அந்த வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தது, கஸ்தூரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், கேரியர் எழுந்து போகாமல் அங்கேயே காத்திருந்தது, தண்ணீருக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் தமயந்திக்கு வயிறு நிறைந்துவிடும். ஆனால் பையன்கள் அவளைக் 'கேரியர் வீடு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை, கேரியர் திரும்பி வராததால், எடுத்து வர ஆவுடையை அனுப்பினார்கள். அது கஸ்தூரி வீட்டுச் சாத்திய கதவுக்கு முன்னால் யாரும் தொடாமல் இருந்தது. எதிர்வீட்டுக்காரி சோப்புத் துணியை அலசாமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி" என்று கதவைத் தட்டினாள் ஆவுடை.

"நாங்க கேக்கல தாயி. எடுத்துட்டுப் போயிரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எடுத்துட்டுப் போனாலும் திரும்பி வந்துரும் சித்தி. நேத்தும் அப்படித்தான், அப்பா பாதி வழி தூக்கிட்டு வந்தாக, கையைப் பிடுங்கிட்டு ஓடிருச்சு. அப்பா செருப்பு அந்துபோச்சு."

பிறகு தாழ்ப்பாள் விலகியது. கஸ்தூரி கேரியரை எடுத்துக்கொண்டு, ஆவுடைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். முதலில் மெதுவாக, பிறகு மெதுவாகச் சாப்பிட முடியாமல். தமயந்தி அடுத்த சுவரோரம் நின்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை.

சாப்பிட்டுக் கழுவியபின் கஸ்தூரி கேரியரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆவுடையை நிற்க வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது, இன்னொரு டப்பா, இன்னொரு டப்பா, எல்லாம் ஒரே மாதிரி கிணுங்கென்று கேட்டன. கடைசியில் அவள் மூலையில் கிடந்த கோணியிலிருந்து தறிக்கூடத்துக் கழிவு நூலை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி, தொடையில் வைத்து விளக்குத் திரிகளாக உருட்டினாள். உருட்டி உருட்டி, ஒரே நீளமாக நறுக்கி, மேலடுக்கில் வரிசையாக வைத்து மூடினாள்.

"இந்தா. உங்க அம்மைகிட்ட ஒண்ணு சொல்லு. குழம்புல ஒரு கல்லு உப்பு தூக்கல்."

தெருமுனை வரைக்கும் தமயந்தி கூட வந்தாள். எதிர்வீட்டைத் தாண்டியபிறகுதான் பேசினாள்.

"கம்பெனிக்காரன் வந்திருக்கான்ல. அவன்கிட்டயே குடுத்துருங்க. உங்க அம்மாகிட்ட சொல்லி இத நிறுத்து."

"நிறுத்துனா சித்தி மத்தியானம் என்ன சாப்பிடுவாக?"

"அது எங்க பாடு. எங்க வீட்டு அடுப்பை ஊரே எட்டிப் பாக்கணுமா? நீ மட்டும் நிறுத்தலன்னா, ஆவுடை, நான் இனிமே சாகுறவரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன். சத்தியமா." சொல்லிவிட்டுத் தன் தலையிலேயே கையை வைத்துக்கொண்டாள். அவள் சத்தியம் செய்தால் மீறியதில்லை என்பது ஆவுடைக்குத் தெரியும்.

மெஸ்ஸில் செண்பகவடிவு திரிகளை எடுத்துப் பார்த்தாள், நீளம் பார்த்தாள், முறுக்குப் பார்த்தாள். "கடையில வாங்குற திரி இப்படி நிக்காது. வேற என்ன சொன்னா?"

"குழம்புல உப்பு தூக்கலாம்."

செண்பகவடிவு குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோனது. "ஆமா, தூக்கல்தான். காலையிலருந்து இத்தனை பேரு தின்னுட்டுப் போனாக, ஒருத்தர் வாயத் தொறக்கல. குத்தம் சொல்லுதாள்ல, அப்ப அவ நம்ம வாடிக்கைதான்."

"ஏளா, வாடிக்கைன்னா காசு குடுக்கணும்" என்றார் கோமதிநாயகம். "ஆர்டர் குடுத்தவன் பட்டினி, குடுக்காதவனுக்குப் பந்தி. இப்படியே போனா அடுப்பை அணைச்சுப்போட்டு நாமளும் கேரியர் வருதான்னு வாசல்ல உக்கார வேண்டியதுதான்."

"உக்காருங்க. வந்தாச் சாப்பிடுங்க. வழியில எவன்கிட்டயும் கதை பேசாம வரும்."

"நான் சிரிப்புக்குச் சொல்லல."

"நானும் சிரிப்புக்குச் சொல்லல. ஜன்னலைச் சாத்திட்டு என்னால தாளிக்க முடியாது. மூச்சு முட்டும்."

"பிள்ளைய அடுத்த வருஷம் எதை வச்சுப் படிக்க வைக்க? திரிய வச்சா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். வியாழக்கிழமை கோமதிநாயகம், "பூ கட்டிப் பாத்துருவோம். அம்மன் சொல்லட்டும்" என்றார். செண்பகவடிவு சரி என்றாள்.

வன்னிக்குளத்தில் மனிதரால் தீராததை இப்படித்தான் தீர்ப்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, எதில் எது என்று அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கம்பெனி. சிவப்பு வந்தால் கேரியர்கள் இப்போது போகிறபடியே போகட்டும். கட்டிக் கொடுக்கிறவர் இரண்டு பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும் என்பதால் மீராசாவைக் கேட்டார்கள்.

"உங்க அம்மன் என் கையை ஏத்துக்கிடுமா அண்ணாச்சி?"

"அவளுக்குப் பாவாடை தச்சுக் குடுக்கிறது யாரு? நீருதான."

மீராசா வெள்ளிக்கிழமை காலையில் பூக்கடைக்குப் போனார். தையல்காரர், நிறத்தைச் சொல்லித்தான் அவருக்குக் கேட்கத் தெரியும். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்று கேட்டார். பூக்காரி கொடுத்ததை வாங்கி, கடையில் கதவை ஒருக்களித்துவிட்டு, ஒரே அளவு இலை நறுக்கி, ஒரே நூலால், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லும்படி கட்டிக் கொண்டுவந்தார்.

தறிகள் அடங்கிய நேரத்தில் நடுத்தெரு அம்மன் கோயிலில் ஆள் கூடியிருந்தது. சதானந்தன் பச்சைப் பையோடு வந்திருந்தான். அருணாசலம் முன்வரிசையில். ஹெட்மாஸ்டர் மருமகளுக்குத் தெரியாமல் வந்து கடைசியில் நின்றார். கஸ்தூரி வரவில்லை. தமயந்தி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, ஆவுடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசாரி பொட்டலங்களைப் படியில் வைத்தார். கோமதிநாயகம் கண்ணை மூடினார். செண்பகவடிவு மூடவில்லை.

"கும்பிட்டுட்டு மனசுக்குத் தோணுனதை எடு தாயி" என்றார் பூசாரி.

ஆவுடை குனிந்தாள். குனிந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலது பக்கப் பொட்டலத்திலிருந்து பிச்சிப்பூ வாசம் வந்தது. பூ கட்டிப் பார்க்க வாசமில்லாத நந்தியாவட்டையைத்தான் வாங்குவார்கள் என்பது மீராசாவுக்குத் தெரியாது. அவர் வெள்ளை கேட்டார், பூக்காரி பிச்சியைக் கொடுத்தாள். பூசாரி காலமெல்லாம் மூக்குப்பொடி போடுகிறவர். பக்கத்தில் நின்ற அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புளிக்குழம்பும் நல்லெண்ணெயும் வருஷக்கணக்காகக் குடியிருந்த மூக்கு, அதில் பிச்சிக்கு இடமில்லை. ஆகவே வலது வெள்ளை, இடது செவ்வரளி என்பது அந்தக் கோயிலில் அவளுக்கும் அம்மனுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

அவள் கையை நீட்டாமல் கொஞ்சம் நின்றாள். பின்னால் யாரோ, "அம்மன் யோசிக்குது" என்றார்கள். திரும்பித் தூணைப் பார்த்தாள். தமயந்தி உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள், சத்தம் வரவில்லை, 'சத்தியமா' என்பது ஆவுடைக்குப் புரிந்தது.

ஆவுடை இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள்.